மலையை வலப்பக்கம் வைத்து மூன்று சுற்று

"பௌர்ணமிக்கு ஒன்பது நாள். செவ்வாய். வெள்ளை நிறம், இரண்டு கதவு, ரோட்டரி எஞ்சின். கார்பரேட்டர் முழுதும் பிரித்துப் பூட்டியது. ட்ரையல் மூன்று சுற்று. ஐடிலிங் சீர். பிக்கப் சீர். குறை இல்லை."

இது என் வேலை நோட்டில் உள்ள பதிவு. ஓரத்தில் டிக் அடித்திருக்கிறேன். கடைசி இரண்டு வார்த்தைகள் தவறு. தவறு என்று தெரியாமல்தான் எழுதினேன். தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் இன்னும் நம் ஊர்ப் பட்டறைகளில் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

ஆண்டு மலருக்குப் பணி அனுபவம் எழுதித் தரும்படி நம் மெக்கானிக் சங்கத்து இளைஞர்கள் கேட்டபோது, பாராட்டு வாங்கிய வேலைகள்தான் முதலில் நினைவுக்கு வந்தன. நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதியிருந்தேன். இந்த ஒரு வண்டிக்குப் பதினொரு பக்கம் இருந்தது. கார்பரேட்டரை எப்படிப் பிரிப்பது, எப்படிக் கழுவுவது என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது போனில் கிடைக்கிறது, என்னைவிடப் பொறுமையாகவே சொல்கிறார்கள்.

நோட்டைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். தேதிக்குப் பக்கத்தில் பௌர்ணமிக்கு எத்தனை நாள் என்று எழுதுவது என் வழக்கம். அன்றைக்கு ரோடு முழுவதும் கிரிவலம் நடப்பவர்களுடையது. வண்டி வெளியே எடுக்க முடியாது, பட்டறைக்குப் பூட்டுதான். ஆகவே வாக்குக் கொடுக்கும் முன் நாள் எண்ணியாக வேண்டும். இரண்டாவது, என் கண்ணால் பார்த்ததற்கும் கையால் தொட்டதற்கும் டிக் அடிப்பேன். மற்றவர் சொல்லிக் கேட்டதற்கு ஒரு சுழி போடுவேன். பிறகு நானே சரிபார்த்துவிட்டால் அந்தச் சுழிக்குள் டிக் வரும். எத்தனையோ சரித்திரப் புத்தகங்களைப் படித்துவிட்டு, இதை யார் பார்த்தார்கள், யார் சொன்னார்கள் என்று எழுதாமல் போய்விட்டார்களே என்று வருத்தப்பட்டதால் வந்த பழக்கம்.

அந்த வண்டி சிஸ்டருடையது. பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஊர் கூப்பிடுவதுபோல நானும் சிஸ்டர் என்றே எழுதுகிறேன். அடி அண்ணாமலையில் மணிலாக் கொட்டையும் நெல்லும் பயிர் செய்த குடும்பம். நர்ஸ் படித்து மலேசியாவுக்குப் போனவர், பினாங்கில் ஒரு மருத்துவமனையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கே அவர் வாங்கிய ஜப்பான் வண்டி அது. படுக்கையில் விழுந்த தாயைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியபோது வண்டியும் கப்பலில் வந்து சேர்ந்தது. வந்த புதிதில் கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு தாய்க்கு ஆள் தேவைப்பட்டது, வண்டிக்குத் தேவைப்படவில்லை. வீட்டை ஒட்டிய கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். பதினான்கு வருஷம் அப்படியே நின்றது. ஆனால் லைசென்ஸை மட்டும் ஒவ்வொரு முறையும் தவறாமல் புதுப்பித்து வந்திருக்கிறார்.

புரட்டாசியில் ஒரு நாள் ஃபைல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"மேஸ்திரி, என் லைசென்ஸ் ஐப்பசிப் பௌர்ணமிக்கு மறுநாளோட முடியுது."

"புதுப்பிச்சிக்கலாமே சிஸ்டர்."

"கண் டாக்டர் கையெழுத்து போட மாட்டேன்னுட்டார். ரெண்டு கண்ணுலயும் நரம்பு போவுது. பகல்ல, காலி ரோட்ல, அதுவும் அந்தத் தேதி வரைக்கும்தான்னு சொல்லிட்டார். நியாயம்தான். அவர் இடத்துல நான் இருந்தாலும் போட மாட்டேன்."

"அதுக்குள்ள வண்டியில எங்க போவணும்?"

"எங்கயும் போவ வேணாம். நானே ஓட்டி, ஒரே ஒரு தடவ பஸ்ஸர் கேக்கணும்."

எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். அந்த எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. மேலும் கீழும் போய்வரும் பாகமே இல்லை. முட்டை வடிவ அறைக்குள் மூன்று மூலை கொண்ட ஓர் உருளி சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் அதிர்வு இல்லை. வேகம் ஏற ஏற வண்டி கத்தாது, நடுங்காது. எஞ்சின் தன் எல்லையைத் தாண்டுவதே ஓட்டுபவருக்குத் தெரியாது. ஆகவே அந்த எல்லையைத் தொட்டதும் எச்சரிக்க டேஷ்போர்டுக்குள் ஒரு சின்ன பஸ்ஸரை வைத்திருக்கிறார்கள்.

"டூட்டி முடிஞ்சி விடியக்காலைல கடலோர ரோட்ல வருவேன். ஜன்னல எறக்கிடுவேன். செகண்ட் கியர்லயே வெச்சு மிதிப்பேன். பஸ்ஸர் என்னத் திட்டற மாதிரி கத்தும். அந்த ஊர்ல என்னத் திட்டறதுக்கு வேற யார் இருந்தாங்க? சிரிச்சிக்கினே கால எடுத்துடுவேன்."

என் கூட்டாளி தனகோட்டி பக்கத்தில் இருந்தான். ஒயரிங் வேலை அவனுடையது, மற்றது என்னுடையது. முப்பது வருஷமாக ஒரே கூரை. அவன் சொன்னான்: "ஒரு சவுண்டுக்கா இவ்ளோ பாடு? நான் ஒரு ஹாரன் மாட்டி உட்டுடறேன் சிஸ்டர், வீட்லயே உக்காந்து கேளுங்க."

"ஹாரன் நாம அடிக்கறது தனகோட்டி. இது வண்டியா அடிக்கறது."

தேதி தாண்டி ஒரு நாள் ஆனால் என்ன, ஆள் இல்லாத ரோட்டில் யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் கேட்டேன். அவர் முகம் மாறியது. "காலாவதியான மருந்த ஒரு நாள்தானேன்னு குடுப்பாங்களா மேஸ்திரி?" என்றார். தார்ப்பாயை எடுத்து வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தோம்.

கார்பரேட்டரைத் திறந்தபோது உள்ளே பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருந்தது. பழைய ரப்பர் பாகங்கள் இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தாங்காது. பினாங்கில் சிஸ்டரோடு வேலை பார்த்த ஒருவர் தேடிப் பிடித்துப் புது ரப்பரும் ஊசிகளும் கூரியரில் அனுப்பினார். நான்கு வாய் கொண்ட கார்பரேட்டர் அது. இரண்டு சின்ன வாய் எப்போதும் வேலை செய்யும், ஆழமாக மிதித்தால் இரண்டு பெரிய வாய் திறக்கும். பெட்ரோல் நிற்க உள்ளே இரண்டு தொட்டிகள். தொட்டிக்கு ஒரு மிதவை, பெட்ரோல் மட்டத்தை நிறுத்துவது அதுதான்.

அந்த வேலையில் முதல் தவறை நான் செய்ய இருந்தேன், சிஸ்டர் தடுத்தார். மெல்லிய குழாய் ஒன்று எஞ்சின் ஆயிலைக் கார்பரேட்டருக்குள் கொண்டுவந்து சொட்டிக்கொண்டிருந்தது. நாம் பழகிய வண்டிகளில் கார்பரேட்டருக்குள் ஆயில் வந்தால் அது நோய். ஒரு ஸ்குரூ போட்டு அடைக்கப் போனேன்.

"அத ஏன் மூடறீங்க?"

"ஆயில் ஏறுது சிஸ்டர்."

"ஏறணும். இந்த வண்டி ஆயில் குடிக்கும். மாசாமாசம் அளவு பாத்து நான்தான் ஊத்துவேன். அங்க மெக்கானிக் சொல்லிக் குடுத்திருக்காரு, உள்ள சுத்தறதோட மூலைங்களுக்கு அதுதான் எண்ணெய்னு."

நோட்டில் எழுதிச் சுழி போட்டேன். வீட்டில் கம்பெனிப் புத்தகத்தின் நகலைத் தேடி இறக்கிப் படித்தேன். அவர் சொன்னது சரி. அடைத்திருந்தால் கொஞ்ச நாளில் எஞ்சினே போயிருக்கும். சுழிக்குள் டிக் போட்டேன். அத்தோடு என் கைக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது தொட்டிகளில் மட்டம் அதிகமாகி எஞ்சினுக்குள் பெட்ரோல் வெள்ளமாகப் போய்விட்டது. ரோட்டரி எஞ்சின் அப்படி நனைந்தால் லேசில் எழுந்திருக்காது. பிளக்கைக் கழற்றிக் காய வைப்பதும் மறுபடி போடுவதுமாகக் காலையிலிருந்து மாலை வரை போராடினோம். சிஸ்டர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஸ்டார்ட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். போகும்போது, "என்னால அவசரப்படாதீங்க" என்று மட்டும் சொன்னார். அந்த முகத்தை மறுபடி பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். மறுநாள் இரண்டு மிதவைகளையும் கொஞ்சம் வளைத்து மட்டத்தை இறக்கினேன்.

எவ்வளவு இறக்குவது? ஒவ்வொரு தொட்டியிலும் வட்டமான சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும். அதிலுள்ள கோட்டில் பெட்ரோல் நிற்க வேண்டும். கண்ணாடிகள் டீ நிறத்தில் பழுத்துக் கோடே தெரியாமல் இருந்தன. "அத தேய்ச்சிப் பாரேன்யா" என்றான் தனகோட்டி. "என் கைக்கு மட்டம் தெரியும்" என்றேன். தெரியும்தான், அம்பாசடருக்கு.

வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. ட்ரையலுக்கு எடுத்தோம்.

நம் ஊரில் ட்ரையல் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பட்டறையிலிருந்து செங்கம் ரோட்டில் போய் வலப்பக்கம் திரும்பி, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வழியாக மலையைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் வருவது. பௌர்ணமி தவிர்த்த நாட்களில் அதைவிட நல்ல ரோடு கிடையாது. எல்லோரும் மலையை வலப்பக்கம் வைத்துத்தான் போவோம். யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை, எங்கும் எழுதி ஒட்டவில்லை. சாமி கும்பிடாதவனும் அப்படித்தான் போவான். நானும் தனகோட்டியும் அன்றைக்கு மூன்று சுற்று போனோம். பெரிய வாய்கள் திறக்கும்போது சத்தம் கனத்து ஒரே சீராக மேலே ஏறியது. தனகோட்டி டேஷ்போர்டில் கை வைத்துப் பார்த்து, "ஓடுதா நின்னுக்கிதா தெரியலயே" என்றான். பஸ்ஸர் வரை மட்டும் நான் மிதிக்கவில்லை. அது சிஸ்டருடையது. திரும்பி வந்து நோட்டில் அந்த வரியை எழுதி டிக் அடித்தேன்.

மறுநாள் புதன். சிஸ்டர் வந்தார். காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. ஓட்டுவதற்கென்றே பினாங்கில் வாங்கியதாம், பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். பதினான்கு வருஷம் ஓட்டாதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிளட்சை விட்ட விதத்திலேயே எனக்குப் பயம் போய்விட்டது. செங்கம் ரோட்டில் ஊர் தாண்டி, ஆள் நடமாட்டம் குறைந்ததும், "மிதிக்கட்டுமா?" என்றார். ஏரிக்கரையை ஒட்டி ரோடு இடப்பக்கமாக நீண்டு வளைகிற இடம். அவர் மிதித்தார். சத்தம் ஏறியது. பாதி வளைவில் எஞ்சின் நின்றது.

வண்டி குலுங்கவில்லை, இருமவில்லை. விளக்கை அணைத்ததுபோல நின்றுவிட்டது. பின்னால் மணல் லாரி. அதன் ஹாரன் என் பிடரியில் இடித்தது. சிஸ்டர் கிளட்சை மிதித்து, கண்ணாடியை ஒருமுறை பார்த்து, வண்டியை இருந்த வேகத்திலேயே மண்ணில் இறக்கிப் பனைமரத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார். லாரி எங்கள் கதவை உரசுவதுபோல் போனது. அவர் சாவியைத் திருப்பினார். ஒன்றுமே நடக்காததுபோல் எஞ்சின் ஓடியது.

"மேஸ்திரி, வண்டிய நீங்க எடுத்துக்கினு வாங்க" என்று இறங்கி இடப்பக்கம் வந்து உட்கார்ந்தார். ஊர் எல்லையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இன்னும் எத்தன நாள் இருக்கு?"

"ஒம்போது."

திடீரென்று நின்று உடனே ஸ்டார்ட் ஆகிற வண்டியைப் பார்த்தால் நமக்கு முதலில் ஒயரிங் மேல்தான் சந்தேகம் வரும். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. ஒயரிங் என் வேலை இல்லையே. தனகோட்டியிடம் சொன்னேன்.

"என் ஒயர்ல ஒண்ணும் இல்ல. உன் தொட்டியப் பாரு."

"தொட்டி தப்பா இருந்தா ஐடிலிங்கே நிக்காது."

"அப்ப நான் தப்பு, நீ சுத்தம். முப்பது வருசமா இதே கதைதான்."

திட்டிக்கொண்டே வேலையை ஆரம்பித்தான். வியாழனிலிருந்து ஞாயிறுவரை நான்கு நாள். காயிலை மாற்றினான், பிளக் ஒயர்களை மாற்றினான், டேஷ்போர்டைக் கழற்றி ஒவ்வொரு இணைப்பாக உருவிப் பார்த்தான். தினமும் மாலையில் ட்ரையல் போனோம். மலையைச் சுற்றினோம். ஒரு தடவைகூட வண்டி நிற்கவில்லை. அந்த நான்கு நாளும் நோட்டில் ஒரே வரி: "குறை வெளிப்படவில்லை." நான்கு டிக்.

திங்கள் காலை சிஸ்டர் வந்து நோட்டைக் கேட்டார். கண்ணுக்கு மிக அருகில் பிடித்து மெதுவாகப் படித்தார்.

"தெனமும் எந்த வழியா போனீங்க?"

"வழக்கமா போறதுதான். மலைய சுத்தி."

"வலமாவா?"

"பின்ன?"

நோட்டை மூடினார். "ஒரு பேஷண்ட் வலிக்குதுன்னு வந்தா, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா வலிக்குதுன்னு கேப்போம். நீங்க அவர வலிக்காத பக்கமாவே படுக்க வெச்சுப் பாத்துட்டு, நல்லாதான் இருக்காருன்னு எழுதியிருக்கீங்க. நான் அன்னிக்கு லெஃப்ட்ல திரும்பினேன் மேஸ்திரி."

எனக்கு முகம் சுட்டது. வலமாகச் சுற்றும் வண்டி வலப்பக்கம்தான் திரும்பிக்கொண்டிருக்கும். இடப்பக்கம் திரும்புவது சந்து முனையில், முதல் கியரில் மட்டும். என்ன செய்ய வேண்டும் என்பது புரிந்தது, நானும் தனகோட்டியும் வண்டியில் ஏறினோம். ஆனால் மலையை இடப்பக்கம் வைத்து ஒரு சுற்று போவதை நினைத்ததும் கை ஸ்டியரிங்குக்குப் போகவில்லை. எத்தனை புத்தகம் படித்து என்ன!

தனகோட்டி கதவைத் திறந்து இறங்கியே விட்டான். "நான் வரல. முப்பது வருசமா சுத்தி வாங்கின புண்ணியத்த ஒரே ரவுண்டுல திருப்பிக் குடுக்கச் சொல்றியா?"

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மலைய யாரு சுத்தச் சொன்னாங்க? வேங்கிக்கால்ல புதுசா லேஅவுட் போட்டிருக்காங்களே, அங்க வாட்டர் டாங்க்க சுத்துங்க. அது கோச்சிக்காது."

அது வீடு ஒன்றும் வராத லேஅவுட். ரோடு மட்டும் போட்டு, கற்கள் நட்டு, நடுவில் தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார்கள். டாங்க்கை இடப்பக்கம் வைத்துச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில், இரண்டாவது கியரில், எஞ்சின் செத்தது. மறுபடி ஸ்டார்ட் செய்து வலப்பக்கம் சுற்றினேன். பத்துச் சுற்று போனாலும் நிற்கவில்லை. இடப்பக்கம் திருப்பினேன், நின்றது. தனகோட்டி என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு, "ஒயர்ல ஒண்ணும் இல்ல" என்றான்.

செவ்வாயன்று கார்பரேட்டரை இறக்கினேன். முதலில் அந்தக் கண்ணாடிகளைத் தேய்த்தேன். அரை மணி நேர வேலை. கோடு தெரிந்தது. மட்டம் கோட்டுக்கு நன்றாகக் கீழே இருந்தது. பெட்ரோல் எடுக்கும் துளை தொட்டியின் இடப்பக்க மூலையில் இருக்கிறது. வண்டி வலப்பக்கம் திரும்பினால் பெட்ரோல் இடப்பக்கம் ஒதுங்கித் துளையை மூடி நிற்கும், குறை தெரியாது. இடப்பக்கம் திரும்பினால் எல்லாம் வலப்பக்கம் போய்விடும், துளை காய்ந்துவிடும். மட்டம் சரியாக இருந்தால் இரண்டு பக்கமும் போதும். நான் பயந்து குறைத்த அளவை நம் வழக்கம் ஒரு வாரம் மூடி வைத்துவிட்டது.

நீங்கள் ஸ்கேனரில் பார்ப்பவர்கள். அதிலும் இதே கதைதான். உங்களுக்குப் பிடித்த ரோட்டில், உங்களுக்குப் பழகிய வேகத்தில் ஓட்டிவிட்டு அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள். வண்டி எந்தப் பக்கம் திரும்பும்போது நின்றதோ அந்தப் பக்கம் திருப்புங்கள். உங்கள் கை எந்தப் பக்கம் போக மறுக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

கழற்றும்போது கேஸ்கட் கிழிந்துவிட்டது. தாள் வாங்கி நானே வெட்டினேன். முதல் துண்டு கசிந்தது, இரண்டாவது நின்றது. புதன் மதியம் பூட்டி முடித்தபோது செங்கம் ரோட்டில் தடுப்புக் கட்டைகள் வந்துவிட்டன. சாயங்காலமே ஜனம் நடக்கத் தொடங்கிவிட்டது. வியாழன் பௌர்ணமி. பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டு வாசலில் நின்றேன். எதிரே லட்சக்கணக்கான பேர் வலமாக நடந்துகொண்டிருந்தார்கள். உள்ளே சோதித்துப் பார்க்காத வண்டி ஒன்று நின்றது. அன்றைய பதிவில் "காத்திருப்பு" என்று ஒரே வார்த்தை.

வெள்ளி. கடைசி நாள். மதியத்துக்குமேல் தடுப்பை எடுத்தார்கள். நானும் தனகோட்டியும் வண்டியை வேங்கிக்காலுக்குக் கொண்டுபோனோம். லேஅவுட் ரோடு முழுவதும் நடந்து பார்த்து, கல்லைப் பொறுக்கிப் போட்டோம். டாங்க்கை இடப்பக்கமாகப் பத்துச் சுற்று சுற்றினேன். நிற்கவில்லை. ஷேர் ஆட்டோவில் சிஸ்டர் வந்து இறங்கினார். அதே ஷூ, அதே ஃபைல். வேறு வண்டி எதுவும் உள்ளே வராமல் தடுக்கத் தனகோட்டி நுழைவாயிலுக்குப் போனான். நான் வழக்கம்போல் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன்.

"எறங்குங்க மேஸ்திரி."

"சிஸ்டர், கண்ணு..."

"ரோடு தெரியுது. நீங்க பக்கத்துல இருந்தா நான் உங்களுக்காக ஓட்டுவேன்."

அந்த ஒரு நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ரோடு காலி, நேர் ரோடு, பகல், டாக்டர் சொன்ன தேதிக்குள். இறங்கினேன்.

அவர் மெதுவாகத்தான் கிளம்பினார். டாங்க்கைத் தாண்டி அந்தப் பக்கத்து நேர் ரோட்டில் திரும்பியதும் வண்டி என் கண்ணுக்கு மறைந்தது. பிறகு சத்தம் மட்டும் வந்தது. ஏறியது. பெரிய வாய்கள் திறந்தன, கனத்தது, இன்னும் மேலே போனது. சட்டென்று அடங்கியது. நான் ஓடத் தொடங்கிவிட்டேன். பத்து அடி ஓடியதும் டாங்க்குக்குப் பின்னாலிருந்து வெள்ளை வண்டி இடப்பக்கம் திரும்பி அமைதியாக என்னை நோக்கி வந்தது.

அவர் எஞ்சினை அணைத்தார். ஜன்னல் இறங்கியிருந்தது. முன்முடி கலைந்திருந்தது.

"கேட்டுச்சு" என்றார்.

மணி நாலரைகூட ஆகவில்லை. "இன்னொரு ரவுண்டு போங்க சிஸ்டர், டைம் இருக்குது."

"ஒரு தடவன்னுதான சொன்னேன்." சாவியை என் கையில் வைத்தார். பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தபடியே முன்பக்கமாகச் சுற்றி நடந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

நோட்டில் எழுதினேன்: "பௌர்ணமிக்கு மறுநாள். வெள்ளி. இடப்பக்கம் பத்துச் சுற்று, நிற்கவில்லை." டிக். "பஸ்ஸர் ஒலித்தது, சிஸ்டர் சொன்னது." சுழி.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு மாதம் கழித்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது தனகோட்டி சொன்னான்: "அந்த நாலு நாள் நீ என்னத் தேட உட்ட இல்ல, அப்ப டேஷ்போர்டுக்கு உள்ள ஒரு சின்ன டப்பா இருந்துச்சு, தனி ஒயரு. கரண்டு லீக் ஆவுதான்னு பாக்க அத உருவினேன். திருப்பி சொருகினேனான்னு இப்ப நெனச்சா ஞாபகமே வரல."

"பஸ்ஸரா?"

"பஸ்ஸரோ, சீட் பெல்ட் மணியோ. எனக்கு இன்னா ஜப்பான் பாஷையா தெரியும்?"

தொட்டியில் இருந்த குறைக்கு ஒயரிங்கைத் தேடச் சொன்னது நான்.

அடுத்த வருஷம் பட்டறையை விட்டேன். இப்போதும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் அடி அண்ணாமலைக்குப் போகிறேன். வண்டி நின்றே கிடந்தால் கார்பரேட்டர் மறுபடி பிசினாகிவிடும் என்பது சாக்கு. ஆயில் அளவை நான் பார்த்துச் சொல்வேன், சிஸ்டர் கையால் தடவிப் பார்த்து ஊற்றுவார். அவருக்கு இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. இடப்பக்கம் உட்கார்ந்து ஜன்னலை இறக்கிக்கொள்வார். மலையை ஒரு சுற்று, வலமாகவே, கொண்டுபோய் வருவேன்.

போன மாதம் காலி ரோட்டில், "கொஞ்சம் மிதிங்க" என்றார். மிதித்தேன். பெரிய வாய்கள் திறந்தன. முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறியது. அவர் தலையை லேசாக டேஷ்போர்டு பக்கம் சாய்த்தார். கோட்டுக்கு ஒரு விரல் அகலம் இருக்கும்போது நான் காலை எடுத்துவிட்டேன்.

"ஏன் எடுத்துட்டீங்க?"

"ஆடு குறுக்க வந்துச்சு சிஸ்டர்."

ஆடு எதுவும் இல்லை. "ஓ" என்று சொல்லி, சாய்த்த தலையை நிமிர்த்திக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் கடலோர ரோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

டேஷ்போர்டின் கீழ் மூடியைக் கழற்றி அந்த ஒயர் சொருகியிருக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிஷம் போதும். மற்ற எந்த வண்டியாக இருந்தாலும் பார்த்துவிட்டு டிக் அடித்திருப்பேன். உங்களையும் அப்படித்தான் செய்யச் சொல்வேன். ஆனால் நோட்டின் அந்தப் பக்கத்தில் சுழி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஐப்பசிப் பௌர்ணமிக்கு மறுநாள் அந்த வண்டியில் பஸ்ஸர் ஒலித்ததா என்பது, இதை எழுதி முடிக்கும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.